லிஸ்டர் என்றொரு சொல்

எங்கள் கிணற்றுமேட்டில் ஒரு டீசல் இன்ஜின் இருந்தது. பச்சை நிறம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கனத்த சக்கரங்கள். அப்பா அதை இன்ஜின் என்று சொன்னதே இல்லை. “லிஸ்டரை எடுத்து விடுடா, மடை காய்ஞ்சு கிடக்கு” என்பார். அண்ணன் ஹேண்டிலைப் போட்டு மூச்சுப் பிடித்துச் சுற்றுவான். முதலில் ஒரு விக்கல், அப்புறம் ஒரு குப்பென்ற புகை, அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை ஓயாத அந்தத் துடிப்பு. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் டர்ஸ்லி என்ற சிற்றூரில் 1867-இல் தொடங்கிய ஒரு கம்பெனியின் பெயர் அது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அந்த வயதில் எனக்கு லிஸ்டர் என்றால் தண்ணீர்.

அதே சொல் வேறு முகத்தோடு என் எதிரில் வந்து நின்றது 2009-இல். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்தவர் ஒரு பழைய பைனாகுலரைக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு ஒரு குழு வருகிறது, நீங்களும் போய்ப் பாருங்கள் என்றார். ஏழெட்டுப் பேர், எல்லோரும் பட்டணத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஒரு பறவையைக் காட்டிப் பேர் சொல்லச் சொல்ல, நான் சுருள்கம்பி நோட்டில் குனிந்து எழுதிக்கொண்டே வந்தேன். குழுவில் மூத்தவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து கேட்டார்.

“நீங்க பேர்டரா, லிஸ்டரா?”

எனக்குக் கிணற்றுமேட்டு இன்ஜின்தான் ஞாபகம் வந்தது. என் விழிப்பைப் பார்த்து அவரே சொன்னார். “இல்லம்மா, பறவைய விட்டுட்டு நோட்டையே பார்த்துட்டு வர்றீங்களே, அதான் கேட்டேன். பறவைய ரசிக்கிறவங்க பேர்டர். பட்டியல் போடறவங்க லிஸ்டர்.”

அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தச் சொல்லின் அடியில் ஒரு கசப்பு இருந்ததை நான் கேட்டுவிட்டேன். குரலை மட்டும் வைத்து ஆளைப் படிப்பதுதான் அப்போது என் தொழில். வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். அன்று தொடங்கிய தேடல், விட்டு விட்டு, இன்றுவரை நடக்கிறது.

ஆங்கிலத்தில் லிஸ்ட் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். லிஸ்டர் என்று யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. பட்டியல் போடுபவர் என்று அகராதியில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிக்குக் கீழே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள்! அறுவைச் சிகிச்சையில் கிருமிநீக்கத்தைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டர் இருக்கிறார். அந்தக் குடும்பப் பெயருக்கும் பட்டியலுக்கும் உறவில்லை. இடைக்கால ஆங்கிலத்தில் சாயம் போடுகிறவரைக் குறித்த சொல் தேய்ந்து லிஸ்டர் ஆயிற்று. அமெரிக்கச் சமவெளி விவசாயிகளுக்கு லிஸ்டர் என்பது ஒரு கலப்பை. மண்ணை இரண்டு பக்கமும் புரட்டிப் போட்டு நடுவில் ஆழமான சால் விட்டுச் செல்லும். வெர்மான்ட் மாநிலத்தில் லிஸ்டர் என்பது ஒரு பதவி, ஊர்மக்கள் வாக்குப்போட்டுத் தேர்ந்தெடுப்பது. ஊரிலுள்ள வீடு, நிலம் எல்லாவற்றையும் மதிப்பிட்டு எழுதி வைப்பது அவர் பொறுப்பு. அந்தப் பதிவேட்டுக்கு அங்கே பெரும்பட்டியல் என்றே பெயர். நம் ஊர்க் கணக்குப்பிள்ளை நினைவுக்கு வருகிறார்.

எனக்குப் பிடித்த செய்தி இவற்றுக்கெல்லாம் முந்தியது. லிஸ்ட் என்றால் முதலில் பட்டியலே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது துணியின் கரை. தறியில் நெய்யும்போது ஊடைநூல் திரும்பி வரும் அந்த ஓரம். கரை இல்லாவிட்டால் துணி பிரிந்துவிடும். தையற்காரர்கள் வெட்டி ஒதுக்கிய அந்தக் கரைத்துண்டுகளைப் பின்னி, நடந்தால் ஓசை வராத வீட்டுச் செருப்புகள்கூடச் செய்திருக்கிறார்கள். கரையிலிருந்து நீண்ட ஒல்லித் துண்டு எதற்கும் அந்தப் பெயர் போனது. பிறகு நீண்ட ஒல்லித் தாளுக்கு. அந்தத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பேர்களை எழுதியபோது, 1600 வாக்கில், எழுதியதற்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தப் பொருளில் அந்தச் சொல் தென்படும் தொடக்க கால இடங்களில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டும் ஒன்று.

தமிழில் பாருங்கள். சட்டையில் பொத்தான் வைக்கும் துணித்துண்டைத் தையற்கடையில் பட்டன் பட்டி என்பார்கள். காயத்துக்குச் சுற்றுவதும் பட்டிதான். ஓட்டுவீட்டுக் கூரையில் ஓட்டைத் தாங்கும் ஒல்லிச் சட்டத்தைத் தச்சர்கள் பட்டியல் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு மொழி இன்னொன்றிலிருந்து எடுத்தது என்று சொல்ல வரவில்லை. ஒல்லியாக, நீளமாக, வேறு ஒன்றைப் பிரியாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பொருளைப் பார்த்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. அதை நினைக்கும்போது இந்தப் பதினைந்து வருட வேலையின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

பறவை பார்ப்பவர்களிடையே லிஸ்டர் என்ற சொல் வழங்கும் விதம் தனி. ஒருவர் தன் வாழ்நாளில் பார்த்த இனங்களின் பட்டியலுக்கு லைஃப் லிஸ்ட் என்று பெயர். அதில் புதிதாக ஏறும் பறவை லைஃபர். பட்டியலில் போடும் குறி டிக். எங்கோ ஓர் அபூர்வப் பறவை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ராத்திரியோடு ராத்திரியாக வண்டியேறிப் போகிறவரை பிரிட்டனில் ட்விட்சர் என்பார்கள். போய்ச் சேர்ந்தபோது பறவை பறந்துபோயிருந்தால் அவர் டிப் ஆகிவிட்டார். லிஸ்டரையும் ட்விட்சரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. ட்விட்சருக்கு ஓட்டம் முக்கியம். லிஸ்டர் தன் வீட்டு மாடியிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

உலகப் பட்டியல்காரர்களில் ஃபீபி ஸ்னெட்ஸிங்கர் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. நான்கு பிள்ளைகளின் தாய். 1965-இல் பக்கத்து வீட்டுத் தோழியின் பைனாகுலர் வழியே ஒரு சின்னப் பறவையைப் பார்த்தார், அதிலிருந்து தொடங்கியது. 1981-இல் தோல் புற்றுநோய், ஒரு வருடம்கூடத் தாங்காது என்றார்கள் மருத்துவர்கள். அவர் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்த அலாஸ்காப் பயணத்துக்குக் கிளம்பிப் போனார். பிறகு பதினெட்டு வருடம் இருந்தார். 8,000 இனங்களைத் தாண்டிய முதல் மனிதர் அவர்தான். 1999-இல் மடகாஸ்கரில், பறவை பார்க்கப் போன இடத்தில், சாலை விபத்தில் இறந்தார்.

எண்ணிக்கையைக் கேட்டு வியப்பவர்கள் அவருடைய அட்டைகளைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். போகும் ஊரின் பறவைகளை முன்கூட்டியே படித்துக்கொண்டு போவார். ஒவ்வொரு இனத்துக்கும் அட்டை வைத்து, எங்கே, எப்போது, எந்த உட்பிரிவு என்றுவரை குறித்து வைத்தார். அறிவியலாளர்கள் ஓர் இனத்தை இரண்டாகப் பிரித்த ஒவ்வொரு முறையும் அந்த அட்டைகள் பதில் சொல்லின. டிக் மட்டும் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு இது முடியாது. லிஸ்டர் என்றால் ஆசைக்காரர் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அட்டைப் பெட்டிகள்தான் கண்ணில் வரும்.

நான் அந்த மாதிரி உலகம் சுற்றியவள் இல்லை. என்னைப் போன்றவர்களுக்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், பேட்ச் லிஸ்டர். தன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் எழுதுகிறவர். பேட்ச் என்றால் ஒட்டுத்துணி. கரை ஒரு பக்கம், ஒட்டு ஒரு பக்கம், இந்தச் சொற்களெல்லாம் தையற்கடையிலிருந்தே வந்திருக்கின்றன. என் ஒட்டு, அப்பாவின் பழைய கிணற்றுமேடும் அதையடுத்த ஏரிக்கரையில் ஒரு 900 மீட்டரும்.

இனி என் பிழைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது பெரியது.

2009-இலிருந்து 2013 வரை எழுதிய நான்கு நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. அழகாக இருக்கும். பென்சிலில் எழுதியவை, மழையில் நனைந்தும் கலையவில்லை. செங்கால் நாரை வந்த நாள், கூழைக்கடா பதினொன்று இறங்கிய நாள், மழைக்கு முன்னால் சுடலைக்குயில் கூப்பிட்ட நாள், எல்லாம் தேதியோடு இருக்கின்றன. அந்த நான்கு நோட்டில் காகம் ஓரிடத்திலும் இல்லை. மைனா இல்லை. தவிட்டுக்குருவி இல்லை. தினமும் பார்ப்பதை எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன். அழகானதையும் புதியதையும் மட்டும் பொறுக்கி எழுதினேன்.

இன்று யாராவது என்னிடம், அந்தக் காலத்தில் உங்கள் ஏரிப் பக்கம் தவிட்டுக்குருவி இப்போதைவிட அதிகமா என்று கேட்டால், ஐந்து வருடம் அங்கேயே நடந்த நான் ஞாபகத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும். ஞாபகம் எப்போதும் பழையதை அதிகமாகக் காட்டும். நோட்டில் ஒரு எண்ணாவது இருந்திருந்தால்! அந்த ஐந்து வருடத்தை யாராலும் மறுபடி போய் எண்ணிக்கொண்டு வர முடியாது. இதை நினைக்கும்போது இப்போதும் மனது வலிக்கிறது.

இத்தனைக்கும் தொழிலில் இந்தத் தவறை நான் செய்ததில்லை. நிலையத்தில் பழுதுப் புகார் வந்தால் டாக்கெட் எண் போட்டு எழுதுவோம். லைனைச் சோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்றாலும் அதையும் ஒரு வரியாக எழுதித்தான் மூடுவோம். சரியாக இருக்கிறது என்பதும் ஒரு தகவல். மாதக் கடைசியில் எந்தப் பகுதியில் கேபிள் போகப் போகிறது என்று அந்த வரிகளை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். அலுவலகத்தில் தெரிந்த பாடம் ஏரிக்கரைக்கு என்னோடு வரவில்லை.

2014-இல் இ-பேர்டில் சேர்ந்தபோதுதான் அது உறைத்தது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் கூடமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கிய பதிவுத்தளம் அது. பட்டியலைப் பதிந்து முடிக்கும்போது ஒரு கேள்வி கேட்கும். நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா? ஆம் அல்லது இல்லை. முதல் நாள் அந்தக் கேள்விக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். காகத்தை எழுதவில்லை. ஆகவே ‘இல்லை’ என்று போட வேண்டும்.

அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்பது கொஞ்சம் யோசித்தால் புரியும். ஒருவர் தான் அடையாளம் கண்டது அத்தனையும் எழுதினார் என்று தெரிந்தால், அவர் எழுதாத பறவையும் பேசத் தொடங்கும். பனங்காடை அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அந்த நாற்பது நிமிடத்தில் பனங்காடை கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பொறுக்கி எழுதிய பட்டியலில் அந்த வசதி கிடையாது. பார்க்கவில்லையா, பார்த்தும் எழுதவில்லையா என்று யாருக்குத் தெரியும்? முழுப்பட்டியல் என்றால் துணியின் கரை மடங்கிப் பூட்டியிருக்கிறது. என் நான்கு நோட்டிலும் ஓரம் பிரிந்து நூல் நூலாகத் தொங்குகிறது.

அன்றிலிருந்து என் பட்டியல் காகத்தில்தான் தொடங்குகிறது.

முறையைச் சொல்கிறேன். காலையில் 6.10-க்குக் கிணற்றுமேட்டில் உட்காருவேன். இன்ஜினை விற்று வெகுகாலம் ஆகிறது. அது நின்ற சிமென்ட் மேடை மட்டும் இருக்கிறது, அதுதான் என் இருக்கை. இருபது நிமிடம் அசையாமல் ஒரு பட்டியல். பிறகு ஏரிக்கரையில் நடந்தபடி அரைமணி நேரம் இன்னொரு பட்டியல். இரண்டையும் கலக்கமாட்டேன். உட்கார்ந்து பார்ப்பதும் நடந்து பார்ப்பதும் வேறு வேறு முயற்சி. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பேர் பார்த்தோம் என்பது பட்டியலின் பாதி. பறவைப் பெயர்கள் மற்றப் பாதி.

எண்ணுவது தனிப் பாடம். எண்ணுவதற்குச் சோம்பல்பட்டு எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்று குறி போட்டுவிடலாம், தளம் அதை ஏற்றுக்கொள்ளும். நான் போடுவதில்லை. எட்டு மைனா என்று எழுதுவதற்கும் மைனா இருந்தது என்று எழுதுவதற்கும் பத்து வருடம் கழித்து மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வரும். சாயங்காலம் உண்ணிக்கொக்குகள் அடைய வரும்போது ஒன்றொன்றாக எண்ணினால் தோற்றுப்போவோம். முதல் பத்தை நிதானமாக எண்ண வேண்டும். அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று கண்ணால் அளவெடுத்துக்கொண்டு, மரக்கால் போட்டு நெல் அளப்பதுபோல் கூட்டத்தின் மேல் அந்த அளவை வைத்து வைத்து நகர வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு தகைவிலான்கள் கம்பியில் வரிசையாக வந்து உட்காரும். இரண்டு கம்பத்துக்கு இடையில் ஒரு கம்பியில் எத்தனை என்று எண்ணிவிட்டால் போதும், மற்றதைப் பெருக்கிக்கொள்ளலாம். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கம்பமும் கம்பியும் எனக்குப் பழைய சிநேகிதம்.

காதுதான் என் பெரிய சொத்து. ட்ரங்க் கால் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். “ஹலோ” என்ற ஒரு சொல்லிலேயே இது அரிசி மண்டிக்காரர், இது டாக்டர் வீட்டம்மா என்று தெரிந்துவிடும். ஏரிக்கரையில் பாதிப் பறவைகள் முகம் காட்டுவதில்லை. செம்போத்து புதருக்குள்ளிருந்து அடிவயிற்றுக் குரலில் கூப்பிடும். தையல்சிட்டு தன் உடம்புக்குப் பொருந்தாத சத்தத்தில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். குளிர்காலத்தில் வரும் பச்சை இலைக்கதிர்குருவி புளிய இலைகளுக்குள் ஓர் இலையாகவே இருக்கும். அதன் இரண்டசைக் கீச்சொலி மட்டும் விழும். ஆறுமணிக்குருவி வலசை வரும் நாட்களில் விடியலிலும் அந்தியிலும் அந்த இரட்டை விசில் கேட்கும், பெயரே அப்படித்தான் வந்தது. கேட்டது, பார்த்தது இரண்டும் பட்டியலில் சமம். ஆனால் கேட்டது நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

என் இரண்டாவது பிழை இங்கேதான் வருகிறது. பிரிட்டிஷ் பறவை நோக்கர்களிடம் இன்னொரு சொல் உண்டு, ஸ்ட்ரிங்கர். சரியாகப் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிப் பட்டியலை நீட்டுகிறவர். பறவை உலகில் இதைவிட மோசமான பெயர் கிடையாது.

2016 ஜனவரியில் வரப்பில் ஒரு நெட்டைக்காலி நின்றது. வயல் நெட்டைக்காலி எங்கள் பக்கம் வருடம் முழுவதும் இருப்பது. இது கொஞ்சம் பெரிதாக, நெஞ்சை நிமிர்த்தி நின்ற மாதிரி இருந்தது. நான்கைந்து நொடிதான், பறந்துவிட்டது. வலசை வரும் ரிச்சர்டு நெட்டைக்காலி என்று எழுதிவிட்டேன். எங்கள் ஏரிக்கு அது புதிய பெயர். எழுதும்போது மனதில் ஒரு குறுகுறுப்பு இருந்தது உண்மை. அதைத் தள்ளிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. பின்விரல் நகம் எவ்வளவு நீளம் இருந்தது, பறக்கும்போது எப்படிக் கத்தியது, படம் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். என்னிடம் மூன்றுக்கும் பதில் இல்லை. என்னிடம் இருந்தது ஆசை மட்டும்.

நெட்டைக்காலி, இனம் தெரியவில்லை என்று மாற்றினேன். தளத்தில் அப்படிப் பதிய வழி இருக்கிறது. வழி இருந்தும் ஆரம்பத்தில் நான் அதைத் தொடவில்லை, தெரியாது என்று எழுதுவது தோல்வி என்று நினைத்தேன். இப்போது என் பட்டியல்களில் அந்த மாதிரி வரிகள் நிறைய. அந்த வரிகள் இருப்பதால்தான் மற்ற வரிகளை ஒருவர் நம்ப முடியும். ஒரு நாளும் தெரியாது என்றே எழுதாத பட்டியலைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

பலபேர் சேர்ந்து எண்ணுவதற்கு ஒரு நீண்ட மரபு இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று துப்பாக்கி எடுத்துக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து போய், யார் அதிகம் சுட்டார்கள் என்று குவித்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது. 1900-இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடாமல் எண்ணுவோம் என்றார். முதல் வருடம் 25 இடங்களில் 27 பேர். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நிற்காமல் நடக்கிறது. கலிபோர்னியாவில் ஜோசப் கிரின்னல் இன்னொரு வழியில் போனார். பெர்க்லியில் 1908-இல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் தலைவர். எந்த மை, எப்படிப்பட்ட தாள், பக்கத்தின் எந்த இடத்தில் தேதி என்றுவரை விதி வைத்துத் தன் ஆட்களைக் களக்குறிப்பு எழுத வைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து அதே அருங்காட்சியக ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே மலைகளுக்குப் போய், என்ன மாறியிருக்கிறது என்று எழுதினார்கள். நம் பக்கம் இப்போது பொங்கல் நாட்களில் கணக்கெடுப்பு நடக்கிறது. வாசலில் கோலம் போட்டுவிட்டு, பால் பொங்குவதற்கு முன் பதினைந்து நிமிடம் மாடியில் நின்று எண்ணிவிட்டு இறங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

இவையெல்லாம் எங்கே போய்ச் சேருகின்றன? 2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது, 2023-இல் இரண்டாவது. இரண்டாவதில் 942 இனங்கள் மதிப்பிடப்பட்டிருக்கின்றன. அதற்கு ஆதாரம் 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் பதிந்த சுமார் மூன்று கோடிப் பதிவுகள். முதல் அறிக்கையைப் படித்தபோது சிட்டுக்குருவிப் பக்கத்தில் நின்றுவிட்டேன். செல்போன் கோபுரம் வந்ததால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று என்னிடமே, நான் தொலைபேசித் துறை என்பதால், எத்தனை பேர் குற்றம்சாட்டியிருக்கிறார்கள்! பட்டியல்கள் சொன்னது வேறு. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்துவருகிறது. எங்கள் ரேஷன் கடை வாசலில் சிந்திய அரிசிக்கு வரும் சிட்டுகளை நான் வாரம் தவறாமல் எண்ணி எழுதியிருந்தேன். அந்த எண்களும் அந்தக் கணக்குக்குள் எங்கோ ஒரு துளியாக இருந்திருக்கும்.

பனங்காடையைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது.

டவுனிலிருந்து ஏரிக்குப் போகும் சாலையோரத்தில் எங்கள் இலாகாக் கம்பிகள் ஓடின. பனங்காடை அதில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஏதோ மண் நிறக் குருவி என்று தோன்றும். ஒரு வெட்டுக்கிளிக்காக இறங்கும்போது இரண்டு இறக்கையிலும் அந்த நீலம் விரியும். சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். அழகு என்பதால் பழைய நோட்டிலும் தப்பாமல் எழுதியிருக்கிறேன். காகத்துக்கு இல்லாத பாக்கியம் இதற்குக் கிடைத்தது. 2010, 2011-இல் மூன்று, நான்கு, ஒரு நாள் ஆறு. பிறகு இரண்டு. பிறகு ஒன்று, சில வாரம் ஒன்றுமில்லை. 2019 ஜனவரியில் கடைசியாக ஒன்று.

கம்பி போனதால் பறவை போனதா என்று முதலில் நினைத்தேன். லேண்ட்லைன்கள் குறையக் குறைய அந்தக் கம்பிகளையும் கழற்றிவிட்டார்கள். ஆனால் மின்கம்பி அங்கேயே இருக்கிறது, கரிச்சான் அதில்தான் உட்காருகிறது, பஞ்சுருட்டானும் உட்காருகிறது. 2023 அறிக்கையில் பனங்காடை நாடு முழுவதும் சரிந்துவருகிறது, அதன் பாதுகாப்பு நிலையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்று படித்தபோது, நான் மட்டும் இழந்ததில்லை என்று புரிந்தது. அது ஆறுதலாக இல்லை. 2013-இல் முதன்முதலாக எங்கள் வரப்பில் ஒரு மயிலைப் பார்த்து நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறேன். இன்று மயில் ஏழு, எட்டு என்று எழுதுகிறேன். ஒன்று ஏறுவதும் ஒன்று இறங்குவதும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரியாக நடக்கிறது.

பனங்காடை இல்லாத பட்டியல்களை நான் நிறுத்தவில்லை. ஒரு பறவையும் கண்ணில் படாத காலைகள்கூட உண்டு. 2021-இல் ஒரு பனிநாள், பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. இருபது நிமிடத்தில் காகம் மட்டும் கரைந்தது. காகம் இரண்டு, குரல் மட்டும் என்று பதிந்துவிட்டு வந்தேன்.

கரையில் மாடு மேய்க்கும் அக்கா ஒருவர் வருடக்கணக்கில் என்னைப் பார்க்கிறார். “நேத்து எண்ணினதுதானே, இன்னைக்கு என்னா புதுசா?” என்று கேட்பார். இப்போது அவர் கேட்பதில்லை. நான் வருவதற்கு முன்னால் கிளம்பிப்போன பறவைகளைச் சொல்கிறார். “ஆள்காட்டி குஞ்சு பொரிச்சிருக்கு, மேற்கால போவாத” என்பார். என் கண்ணிலோ காதிலோ பட்ட பறவையைத்தான் நான் எழுத முடியும். அவர் சொன்னதைப் பட்டியலுக்குக் கீழே குறிப்பாக எழுதி வைக்கிறேன்.

போன வருடம் அண்ணன் நிலத்தை விற்றுவிட்டான். அவன் கஷ்டம் அவனுக்கு. லேஅவுட் கல் நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கிணறு இன்னும் தூர்க்கப்படவில்லை, சிமென்ட் மேடை இருக்கிறது. வாங்கியவர்களிடம் போய் விவரம் சொன்னேன். “வீடு எழும்பறவரைக்கும் தாராளமா வந்து உட்காருங்கம்மா” என்றார்கள்.

அதற்குப் பிறகு சாலையோரப் புளியமரத்தடிக்கு மாற வேண்டியிருக்கும். அது கிணற்றுமேட்டிலிருந்து 140 தப்படி. அங்கிருந்து ஏரி தெரியாது, வண்டிச் சத்தம் காதை மறைக்கும். அந்தப் பட்டியலைப் பழைய இடத்தின் பெயரில் பதிந்தால் பொய்யாகிவிடும். புதிய இடமாகத்தான் தொடங்க வேண்டும். அதனால் இந்தக் கார்த்திகையிலிருந்து வாரம் ஒரு நாள் இரண்டு இடத்திலும் இருபது இருபது நிமிடம் உட்கார்ந்து எண்ணுகிறேன். புளியமரத்தடியில் காகம் அதிகம், கொக்கு அறவே இல்லை, இலைக்கதிர்குருவி தலைக்கு மேலேயே கத்துகிறது. மேடையை இடிப்பதற்குள் ஒரு வருடக் கணக்காவது இரண்டு பக்கமும் சேர்ந்துவிட வேண்டும்.